வெறுங்காலும் சப்பாத்தும்: ஊவாத் தோட்டங்களின் உதைபந்தாட்டம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டு வரலாறு நம்மிடையே இன்னும் பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வருகின்றது. எவர் ஆடினர், எத்தனை கோல்கள் அடித்தனர், எக்கிண்ணத்தை வென்றனர் என்பன பதிவாகின்றன. எதை அணிந்து ஆடினர், எதை அணியாது ஆடினர், அது ஏன் அவ்வாறாயிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஆயின் உதைபந்தாட்டம் காலால் ஆடப்படுவது. காலின் வரலாற்றை விடுத்து அவ்வாட்டத்தின் வரலாற்றை எழுத முனைவது, நிலத்தின் வரலாற்றை விடுத்து விளைச்சலின் வரலாற்றை எழுத முனைவது போன்றதாகும்.

பதுளை மாவட்டத்தின் பெருந்தோட்டங்களிலும் அவற்றை அடுத்துள்ள ஊவாவின் ஏனைய பகுதிகளிலும் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்த தலைமுறைகள் பல. இதற்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. வெறுங்காலே இம்மக்களின் இயற்கைத் திறன் என்றும், பந்தின் மீது வெறுங்காலுக்குள்ள பிடிப்பைச் சப்பாத்து கெடுத்துவிடும் என்றும் கூறுவது ஒன்று. சப்பாத்து அணியும் வழக்கம் இவர்களுக்கு இல்லை. கொடுத்தாலும் கழற்றி எறிந்துவிடுவர் என்பது மற்றொன்று. முன்னது புகழ்ச்சி போலவும் பின்னது இகழ்ச்சி போலவும் தோன்றினும், இரண்டும் அடிப்படையில் ஒன்றே. வெறுங்காலை ஒரு சமூக நிலைமையின் விளைவாகக் கொள்ளாது, மக்களின் இயல்பாகக் கொள்கின்றன. ஊவாத் தோட்டங்களில் வெறுங்கால் எவ்வாறு உருவாக்கப்பட்டது, அது ஆட்டக்காரனின் ஆற்றலை எவ்வழிகளிற் குறைத்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சப்பாத்து ஆற்றும் பணி

முதலில் ஆட்டத்தின் தொழில்நுட்பத்தை நோக்குவோம். 1863இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் வகுத்த முதல் விதிகளிலேயே சப்பாத்துப் பற்றிய விதி ஒன்று உண்டு. துருத்தி நிற்கும் ஆணிகளையும் இரும்புத் தகடுகளையும் அடித்தோலிற் பொருத்துதல் ஆகாது என்பது அது. ஆட்டக்காரர்கள் தமது வேலைத்தலத்துக் கனத்த சப்பாத்துகளோடு திடலுக்கு வந்த காலம் அது. 1891இல் அரை அங்குலத்துக்கு மேற்படாத தோற்பட்டைகளும் குமிழ்களும் அடித்தோலிற் பொருத்தப்படலாம் என விதி தளர்த்தப்பட்டது. 1954இல் பேர்ன் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனி 3-2 என்ற கணக்கில் ஹங்கேரியை வென்றது. மழையில் நனைந்த திடலுக்கேற்பத் திருகிப் பொருத்தத்தக்க குமிழ்களையுடைய சப்பாத்துகளை ஜேர்மன் அணியினர் அணிந்திருந்தமை அவ்வெற்றிக்கான காரணங்களுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது.

இங்கு நிகழ்வது எளிய பௌதிகமே. ஓடுபவன் திடீரெனத் திரும்பும்போதும் நிற்கும்போதும் அவனது உடலின் நிறை முழுவதையும் தாங்கும் ஒரு கால் நிலத்தைப் பற்றிக் கொள்ளல் வேண்டும். ஈரப் புல்லில் வெறும் உள்ளங்காலின் உராய்வு இதற்குப் போதுவதில்லை. குமிழ்கள் நிலத்தினுட் புகுந்து அப்பிடிப்பைத் தருகின்றன. ஊன்றிய கால் வழுக்காது என்னும் உறுதி இருந்தாலன்றி உதைக்கும் காலை முழு விசையோடு வீச முடியாது. ஆகவே சப்பாத்தின் முதற்பயன் உதைக்கும் காலுக்கன்று, ஊன்றிய காலுக்கே உரியது. இரண்டாவது பயன் பாதுகாப்பு. எதிரணியினர் சப்பாத்து அணிந்திருக்க ஒருவன் மட்டும் வெறுங்காலோடு பந்துக்குப் பாயும்போது, விரல்கள் மிதிபடும் என்னும் அச்சம் அவனை ஒரு கணம் பின்வாங்கச் செய்யும். உதைபந்தாட்டத்தில் பல கோல்கள் அந்த ஒரு கணத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன. மூன்றாவதாக, தோலாற் செய்யப்பட்ட பழைய பந்து மழைநீரை உறிஞ்சிக் கனக்கும். அதனை வெறுங்கால் விரல்களால் உதைப்பது கடினமானதொன்று.

ஊவாவின் நிலமும் காலநிலையும் இவற்றைக் கடுமையாக்குகின்றன. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ளது. அதனை நோக்கி நிற்கும் நமுனுகுலை மலை 2,036 மீற்றர் உயரமானது. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி எல, பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் இம்மலைகளின் சரிவுகளில் அமைந்துள்ளன. தேயிலை நடத்தக்க சரிவு தேயிலைக்குரியது, சமதரை தொழிற்சாலைக்குரியது. எஞ்சிய துண்டு நிலமே பிள்ளைகளின் திடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஊவா வறண்டு போகும். அவ்வறண்ட காற்றே யூலை முதல் செப்ரெம்பர் வரையான காலத்து ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் புகழ்பெற்ற மணத்தை அளிக்கின்றது. அதே காற்றுத் திடலைக் கல்லும் சரளையுமாக இறுக்கிவிடுகின்றது. ஒக்ரோபர் முதல் சனவரி வரை பெய்யும் மழை அதே திடலைச் சேறாக்குகின்றது. ஒரே திடல் ஆண்டில் இருவகை நிலமாக மாறும் இடத்தில் காலுக்குக் காப்பும் பிடிப்பும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

2. நடந்து வந்தவர்கள்

இத்துணைத் தேவையான பொருள் ஏன் தோட்டத்தை எட்டவில்லை? இதற்கு விடை காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் செல்லுதல் அவசியமாகும். தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்ட தொழிலாளர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தனர். வாந்திபேதியும் பசியும் அவ்வழியிற் பலரைப் பலி கொண்டன. ஊவாவுக்கு வந்தோர்க்கு மாத்தளை பயணத்தின் முடிவன்று. அங்கிருந்து மேலும் மலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. கோப்பியைத் தாக்கிய இலைநோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியிலேயே முதன்முதலில் அடையாளங் காணப்பட்டது என்பதையும் நோக்குமிடத்து, புகையிரதம் எட்டுதற்கு நீண்ட காலத்தின் முன்னரே ஊவாவில் தோட்டத் தொழில் வேரூன்றியிருந்தமை தெளிவாகும். அத்தொழிலுக்கான மக்கள் கால்நடையாகவே வந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண் தொழிலாளியின் நாட்சம்பளம் ஏறத்தாழ 33 சதமாக இருந்தது. அதுவும் முழுமையாகக் கையிற் கிடைக்கவில்லை. பயணச் செலவும் பெரிய கங்காணியிடம் பட்ட கடனும் துண்டு முறை வாயிலாகத் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தன. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. தோட்ட நிருவாகம் தொழிலாளிக்கு அரிசி கொடுத்தது, மலைக்குளிருக்குக் கம்பளி கொடுத்தது. இரண்டின் பெறுமதியையும் சம்பளத்திற் கழித்துக் கொண்டது. குளிர் தொழிலாளியை வேலைக்கு வராது தடுக்கும், பசியும் தடுக்கும். கால் வெடிப்பும் அட்டைக்கடியும் முள்ளும் அவ்வாறு தடுப்பதில்லை. வேலை நடைபெறுவதற்கு எவை இன்றியமையாதனவோ அவை மட்டுமே வழங்கப்பட்ட பட்டியலில் பாதணி இடம்பெறாமை தற்செயலன்று. உழைப்புச் சக்தியை மிகக் குறைந்த செலவில் மீள உற்பத்தி செய்தல் என்னும் கணக்கின் விளைவு அது.

3. தோலும் தொழிலாளியும்

இங்கு ஒரு முரணைச் சுட்டுதல் பொருத்தமாகும். தொழிலாளரை இலங்கைக்கு அனுப்பிய அதே மாவட்டங்கள் தோலையும் ஏற்றுமதி செய்தன. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், வட ஆர்க்காடு முதலிய இடங்களில் ஆவாரம்பட்டையாற் பதனிடப்பட்ட மாட்டுத் தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியே பிரித்தானியாவுக்குச் சென்று, அங்குச் சப்பாத்துகளின் மேற்பாகமாயிற்று. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியப் போர்வீரரின் சப்பாத்துகளுக்கு இத்தோல் பெருமளவு தேவைப்பட்டமையால், அதன் வணிகத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக் கொண்டது. 1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்சேர்க்கும் பொருட்டு நிறுவப்பட்ட தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையகமும் திருச்சிராப்பள்ளியிலேயே அமைந்தது. ஒரே ஊரிலிருந்து தோல் மேற்கே சென்றது. உழைப்பு தெற்கே சென்றது. தோல் சப்பாத்தாகித் துரைமாரின் கால்களிலும் படையினரின் கால்களிலும் ஏறி உலகெங்கும் உலவியது. உழைப்பு வெறுங்காலோடு மலையேறியது.

தோலைப் பதப்படுத்தித் தைத்த சமூகத்தினரும், வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயர்சாதியினரின் தெருக்களிற் செருப்பணிந்து நடத்தல் தடுக்கப்பட்டிருந்தது. இத்தகைய சமூகங்களிலிருந்தே பெருந்தொகையானோர் தோட்டங்களுக்குப் பெயர்ந்தனர். தொடுதோல் என்னும் சொல் பழந்தமிழ் இலக்கியத்திலேயே வழங்குவது; செருப்பென்னும் சொல்லும் தமிழருக்குப் புதியதன்று. பாதணி அணிதல் தமிழர் அறியாத வழக்கம் எனல் பொருந்தாது. அறிந்திருந்தும் சிலருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது என்பதே வரலாறு. சப்பாத்து என்னும் சொல்லோ போர்த்துக்கேய மொழியிலிருந்து ஈழத் தமிழிற் புகுந்தது. பொருளும் சொல்லும் ஆட்சியாளரோடு வந்தமையால், அதனை அணிதல் தொடக்கத்திலிருந்தே அந்தஸ்தின் அடையாளமாயிற்று.

பெருந்தோட்டம் இச்சாதி வழக்கத்தை உடைக்கவில்லை. தனக்கேற்ப மாற்றிக் கொண்டது. துரையின் முன் தலைப்பாகையை அவிழ்த்தல், குடையை மடக்குதல், செருப்பைக் கழற்றுதல் என்பன பல தோட்டங்களில் எழுதாச் சட்டங்களாயிருந்தன. கிராமத்து மேற்சாதியாரின் இடத்தில் துரையும், அவருக்குக் கீழே பெரிய கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அமர்ந்தனர். பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற வெறுங்கால்களும், எதிரே நின்ற ஒரு சோடிச் சப்பாத்தும் அன்றைய தோட்ட ஆட்சியின் முழுவடிவையும் காட்டுவன. இந்நிலையில், செருப்பணிதலை ஒரு துணிகரச் செயலாகக் கருத வேண்டியிருந்த சமூகத்தில், விளையாட்டுக்கெனத் தனிச் சப்பாத்து என்னும் எண்ணம் எழுவதற்கு இடமேது?

4. குருதியிற் கலந்த இழப்பு

வெறுங்காலின் பாதிப்புத் திடலோடு முடிவதில்லை. ஆட்டக்காரனின் மூச்சையும் அது பறிக்கின்றது. கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் தோலைத் துளைத்தே மனித உடலினுட் புகுகின்றன என்பதை ஆர்தர் லூஸ் என்னும் ஆய்வாளர் 1898இல் கெய்ரோவிற் கண்டறிந்தார். நிழலும் ஈரமும் இளஞ்சூடும் உள்ள மண்ணே அக்குடம்பிகளுக்கு ஏற்றது. மலசலகூடமின்றித் தேயிலைச் செடிகளுக்கிடையே மலங்கழிக்க நேர்ந்த மக்கள் அதே செடிகளுக்கிடையே வெறுங்காலோடு கொழுந்து பறிக்கும் தோட்டத்தைவிட அவற்றிற்கு உகந்த இடம் அரிது. சிறுகுடலிற் பற்றிக் கொள்ளும் ஒரு புழு அதன் வகைக்கேற்ப நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 முதல் 0.2 மில்லிலீற்றர் வரை குருதியை இழக்கச் செய்கின்றது. நூற்றுக்கணக்கான புழுக்களைச் சுமப்பவன் நாளடைவிற் குருதிச்சோகைக்கு ஆளாவான். குருதியில் ஈமோகுளோபின் குறையும்போது தசைகளுக்குச் செல்லும் ஒட்சிசன் குறைகின்றது. ஓடும் ஆற்றல் தளர்கின்றது.

றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை 1916இல் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் தொற்றுக்கு ஆளாகியிருந்தமை வெளிப்பட்டது. தைமோலும் பின்னர் கெனப்போடிய எண்ணெயும் மருந்தாகக் கொடுக்கப்பட்டன. மருந்துண்டவர்கள் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தமையால் மீண்டும் தொற்றுக்குள்ளாயினர். தொற்றை நிலையாகத் தடுக்கக்கூடியவை இரண்டு: மலசலகூடமும் பாதணியும். முன்னதைக் கட்டுவதற்கே தோட்ட உடைமையாளர் பலர் செலவைக் காரணங்காட்டித் தயங்கினர். பின்னதோ தோட்டக் கணக்கேட்டை எட்டவேயில்லை. தொழிலாளி சோர்ந்திருப்பதற்குச் சோம்பலே காரணம் என்று நெடுங்காலம் கூறி வந்தோர், அச்சோர்வுக்கு மருத்துவ விளக்கம் கிடைத்த பின்னரும் அதனை நீக்குதற்குரிய செலவை ஏற்க விரும்பவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

தோட்டத்துச் சிறுவன் இரண்டாம் பாதியிற் களைத்துப் போகின்றான், அவனுக்குத் தாங்குசக்தி இல்லை என்று கூறுவோர் இவ்வரலாற்றையும் சேர்த்துக் கூறல் வேண்டும். விளையாட்டுக் காலணி திடலில் உதவுவது தொண்ணூறு நிமிடங்களுக்கு. அதற்கு முந்திய பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் அன்றாடப் பாதணி இருந்ததா இல்லையா என்பதே அத்தொண்ணூறு நிமிடங்களுக்கான குருதியைத் தீர்மானிக்கின்றது.

5. கல்கத்தா தரும் சான்று

வெறுங்காலே திறன் எனும் வாதத்தை ஆராய்வதற்கு ஊவாவுக்கு வெளியே செல்லுதல் வேண்டும். தென்னாசியாவில் வெறுங்கால் ஆட்டமும் சப்பாத்து ஆட்டமும் ஒரே திடலில் நேருக்கு நேர் மோதிய வரலாறு கல்கத்தாவில் விரிவாகக் கிடைக்கின்றது. 1911 யூலை 29இல் மோகன் பாகான் அணி, கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எவ்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவருள் சுதீர் சட்டர்ஜி ஒருவரே சப்பாத்து அணிந்திருந்தார். ஆட்சியாளரின் சப்பாத்தை ஆளப்படுவோரின் வெறுங்கால் வென்றதாகவே அவ்வெற்றி கொண்டாடப்பட்டது. அக்கொண்டாட்டம் நியாயமானதே. ஆயின் அதிலிருந்து வெறுங்காலே சிறந்தது எனும் முடிபுக்கு வருதல் தருக்கப் பிழையாகும். தடையை மீறி வென்றவனின் பெருமை, தடையைப் பயனுடையதாக்கிவிடாது.

பின்னர் நிகழ்ந்தவை இதனை உணர்த்துகின்றன. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, மழைநாளின் ஈரத் திடலில் இலேசான சப்பாத்துகளை அணிந்தாடும் முறையைக் கைக்கொண்டது. உலர்ந்த திடலிற் பந்தாட்ட நயத்தாற் சிறந்த இந்திய அணிகள் மழைக்காலத்திற் படையணிகளிடம் தோற்று வந்த நிலைமை அதனால் மாறத் தொடங்கியது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 எனத் தோற்றது. 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோசிலாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அதன் பின்னரே இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதியை அடைந்தது. அங்கு அதே யூகோசிலாவியாவை எதிர்கொண்டு 1-4 எனத் தோற்று, இறுதியில் நான்காமிடம் பெற்றது.

இம்மாற்றம் முழுவதையும் சப்பாத்தின் கணக்கில் எழுதுதல் மிகைக்கூற்றாகும். பயிற்றுநர் சையத் அப்துல் றகீமின் நீண்டகால உழைப்பும், இரு காலங்களிலும் எதிர்கொண்ட அணிகளின் வேறுபாடும் கருதப்பட வேண்டியவை. எனினும் தகுந்த கருவியின்றித் தகுந்த பயிற்சி பலனளிக்காது என்பதை மறுத்தல் இயலாது. 1950 உலகக் கிண்ணத்துக்கு இந்திய அணி செல்லாமைக்கு வெறுங்காலே காரணம் எனும் கதை இன்றும் உலவுகின்றது. அன்றைய அணித் தலைவர் சைலேன் மன்னா பிற்காலத்தில் அதனை மறுத்துள்ளார். நிருவாகத்தின் அக்கறையின்மையை ஆட்டக்காரனின் கால்மீது சுமத்தும் போக்கு அக்கதையிலும் காணப்படுகின்றது. ஊவாத் தோட்டங்களைப் பற்றிய பேச்சிலும் நாம் எதிர்கொள்வது இதே போக்கையே.

6. ஊவாவில் இரு திடல்கள்

ஊவாவில் விளையாட்டு இரு தனி உலகங்களாக வளர்ந்தது. பதுளையின் ஊவா ஜிம்கானா போன்ற கழகங்களில் தோட்டத்துரைமார் றக்பியும் ஏனைய ஆட்டங்களும் ஆடினர். 1900இல் ஏறத்தாழ 5,000 போவர் போர்க் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த தியத்தலாவை முகாம், பின்னர் நிலையான இராணுவத் தளமாயிற்று. படையணிக்குச் சப்பாத்தும் திடலும் ஓய்வு நேரமும் பணியின் பகுதியாகவே கிடைத்தன. தோட்டத்து இளைஞனுக்கு இம்மூன்றும் இல்லை. காலை பிரட்டில் தொடங்கி மாலை நிறுவை வரை அவனது நேரம் தோட்டத்துக்குரியது. எஞ்சிய சிறு வெளிச்சத்தில், லயத்துக்கு அருகேயுள்ள வெற்றிடத்தில் அவன் பந்தை உதைத்தான். பெண்களுக்கோ அந்தச் சிறு வெளிச்சமும் வாய்க்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கியபின் அடுப்பும் பிள்ளைகளும் அவர்களுக்குக் காத்திருந்தன. தோட்டத்தின் மிகக் கடினமான சரிவுகளில் நாள் முழுவதும் ஏறி இறங்கிய கால்கள் பெண்களின் கால்களே. அவை விளையாட்டின் வரலாற்றில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

இந்த ஒழுங்கு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதன்று. 1939-40ஆம் ஆண்டுகளின் வேலைநிறுத்த அலையில் ஊவா முன்னணியில் நின்றது. பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவு செய்து, தோட்ட அலுவல்களில் நிருவாகம் அச்சபையைக் கலந்து செயற்பட வேண்டுமென ஒப்புக் கொள்ளச் செய்தனர். துரையின் முன் குனிந்து நின்ற காலம் மாறத் தொடங்கியதை இது காட்டுகின்றது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எஸ். எம். சுப்பையா பதுளையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் இவ்வெழுச்சியின் அரசியல் அடித்தளத்தையே தகர்த்தன. வாக்குரிமையற்ற மக்களின் பிள்ளைகளுக்குத் திடல் அமைத்துக் கொடுக்க வேண்டிய கடப்பாடு எந்த அரசியல்வாதிக்கும் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்தன, அணிகளும் பிரிந்தன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை பலமுறை கைமாறியும் லயமும் நாட்சம்பளமும் நீடித்தன.

7. கால் அறியும் சப்பாத்து

சப்பாத்துக் கொடுத்தாலும் கழற்றி எறிவர் என்னும் குற்றச்சாட்டுக்கும் விடை கூறுதல் வேண்டும். பில் ஹொப்மன் என்னும் மருத்துவர் 1905இல் வெளியிட்ட ஆய்வு, பாதணி அணியாதோரின் பாதங்கள் விரல்கள் விரிந்து அகன்றிருப்பதையும், சப்பாத்து அணிவோரின் விரல்கள் சப்பாத்தின் வடிவுக்கு நெருக்கப்பட்டிருப்பதையும் காட்டிற்று. 1992இல் மணிப்பாலைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகியோர் 2,300 இந்தியச் சிறுவர்களிடையே நடத்திய ஆய்வில், தட்டைப்பாதம் பாதணி அணிந்தோரில் 8.6 வீதமாகவும் அணியாதோரில் 2.8 வீதமாகவும் காணப்பட்டது. ஆகவே வெறுங்காலில் வளர்ந்த பாதம் குறையுடைய பாதமன்று. வலிமை வாய்ந்த பாதமாகும். அவ்வாறு அகன்ற பாதத்தை, ஒடுங்கிய வார்ப்பில் அமைந்த சப்பாத்தினுள் ஆட்டநாளின் காலையில் முதன்முறையாகத் திணித்தால் கொப்புளம் எழும். பந்தின் தொடுகை மறையும். அவன் அதைக் கழற்றுவான். அது காலின் குற்றமன்று. அளவு பாராது கொடுத்தவரின் குற்றமும், பழகுவதற்குக் காலம் அளியாதவரின் குற்றமுமாகும்.

சரியான சப்பாத்து என்பதற்கு இங்குத் திட்டமான பொருள் உண்டு. பாதத்தின் நீளத்தோடு அகலமும் அளக்கப்பட வேண்டும். வறண்ட மாதங்களின் இறுகிய நிலத்துக்குத் தாழ்ந்த, எண்ணிக்கையில் மிகுந்த றப்பர்க் குமிழ்களும், மழை மாதங்களின் சேற்றுக்கு உயர்ந்த, இடைவெளி மிகுந்த குமிழ்களும் ஏற்றவை. இறுகிய நிலத்தில் உயர்ந்த குமிழ்கள் கணுக்காலையும் முழங்காலையும் வருத்தும். மிக முக்கியமாக, போட்டிக்கு மட்டுமன்றிப் பயிற்சிக்கும் அதே சப்பாத்துக் கிடைத்தல் வேண்டும். வளரும் பிள்ளையின் கால் ஓராண்டிலேயே அளவு மாறிவிடும் என்பதால், ஒருமுறை நன்கொடையாக வழங்கப்படும் ஒரு சோடி இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை.

8. முடிபு

இன்றைய சர்வதேச விதிகளின் நான்காம் விதி, ஆட்டக்காரனின் கட்டாய உடைமைகளுள் பாதணியையும் சேர்க்கின்றது. பதுளையின் வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கில் ஒரு தோட்டத்து இளைஞன் முறையான போட்டியில் இறங்க வேண்டுமாயின் சப்பாத்தின்றி இறங்க முடியாது. விதி அனைவர்க்கும் பொதுவானது. அதனை நிறைவேற்றும் வசதி பொதுவானதன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அரிசியும் மாவும் பாடசாலைச் செலவும் போக எஞ்சுவதிலிருந்து, பிள்ளையின் கால் வளருந்தோறும் ஒரு தரமான சோடியை வாங்குதல் எத்தனைக் குடும்பங்களுக்கு இயலும்? அண்மை ஆண்டுகளில் வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவர்க்கு அரசு சப்பாத்துக்கான வவுச்சர் வழங்கியமை வரவேற்கத்தக்கது. அது பாடசாலைக்குச் செல்லும் சப்பாத்து. திடலுக்குரிய சப்பாத்து இன்னும் தனியார் கொடையாகவே கருதப்படுகின்றது.

எனவே தெரிவுக் குழுவினர் ஓர் இளைஞனின் வேகத்தையும் திருப்பத்தையும் தாங்குசக்தியையும் மதிப்பிடும்போது, அவர்கள் அளப்பது அவனது திறனை மட்டுமன்று. அவனது குடும்பத்தின் சம்பளத்தையும், அவன் நடந்த மண்ணின் சுகாதாரத்தையும், நூற்றாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்ட ஓர் உரிமையையும் சேர்த்தே அளக்கின்றனர். இவற்றைப் பிரித்தறிய வழியொன்றுதான் உண்டு. அனைவர்க்கும் ஏற்ற சப்பாத்தைக் கொடுத்து, அதனோடு பழகக் காலமும் கொடுத்து, அதன் பின்னர் அளத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாத வரை தோட்டத்து இளைஞரின் திறன் இன்னதென்று கூறும் அருகதை எவர்க்கும் இல்லை.

மலையக மக்களின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்தல் வரலாற்றுக் கடமையே. அம்முன்னோர் எக்காலோடு நடந்தனர் என்பதையும் அந்நினைவிற் சேர்த்துக் கொள்ளல் வேண்டும். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் திடலும், திடலுக்கேற்ற சப்பாத்தும் கல்விச் செலவின் பகுதியாகக் கணக்கிடப்படல் வேண்டும் என்னும் கோரிக்கை, சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்குமான கோரிக்கைகளுக்குப் புறம்பானதன்று. அவை எழும் அதே நிலத்திலிருந்தே இதுவும் எழுகின்றது.